தண்ணீர் எங்கே போகிறது

காலையில் மாடிப்படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது, வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் மறுபடியும் நின்றிருக்கிறது. கைப்பிடிக் கட்டை சில்லென்று இருந்தது. சமையலறை அலமாரியைத் திறந்தால், அந்த வெள்ளைப் பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, ஒரு பாவமும் அறியாதது போல் சுவரில் தொங்குகிறது. அழுத்தம் காட்டும் முள் அடியில் படுத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் தண்ணீர் ஏற்றி, முள்ளைப் பச்சைக் கட்டத்துக்குக் கொண்டுவந்து, "இதுக்கு மேல உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று அதனிடம் வாய்விட்டே கேட்டுவிட்டுப் படுக்கப் போயிருந்தேன். கேட்டதற்குப் பதில் இதுதான். குனிந்து, அதன் அடியில் தொங்கும் பின்னல் குழாயின் இரண்டு திருகுகளையும் திறந்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு ஏறியது. முள் எழுந்தது. திருகுகளை மூடி, பொத்தானை அழுத்திப் பிடித்தேன். உள்ளே எதுவோ சொடுக்கியது, விசிறி சுற்றியது, பிறகு பக்கென்று தீ பற்றியது. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

முன்னறையில் என் புருஷன் டெஸ் விழித்திருந்தான். போர்வைக்கு மேல் என் பழைய கோட்டைப் போர்த்தியிருந்தேன், அது நழுவித் தரையில் கிடந்தது.

"என்ன, நின்னுடுச்சா?"

"நின்னுச்சு. எழுப்பிட்டேன்."

"விட்டுத் தொலையேன், நொரீன். கார்ல் வந்து பாக்கட்டும்."

"கார்ல் நம்ம பாய்லரை ரிப்பேர் பண்ணி வாங்குற காசுலயே அவன் புள்ளைங்களைக் காலேஜ்ல சேத்துடுவான்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, நான் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் முதுகெலும்பு ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு காலத்தில் இந்த மனிதன் ஓட்டிய பஸ்ஸின் இருக்கையில் இவன் முதுகு கொள்ளாது.

நுரையீரலில் ஆரம்பித்தது எலும்புக்குப் போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்ன டாக்டர் சின்னப் பெண். கடைசி நாட்களை எங்கே கழிக்க விரும்புகிறீர்கள் என்று அவள் டெஸ்ஸிடம் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "வீட்டுலதான். இவளுக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்றான். எங்கள் ஊர்க்காரர்கள் செத்துக்கொண்டிருக்கும்போதும் தொந்தரவு பற்றித்தான் பேசுவார்கள். எனக்கென்ன தொந்தரவு? வீட்டில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் தெரு முழுக்கச் சொன்னேன், கடையில் சொன்னேன், மாதா கோயிலில் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரியும் அவனைத் தொடாது, அவன் தன் வீட்டில், என் கையைப் பிடித்துக்கொண்டு போவான் என்று. அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை.

எங்கள் வீடு பெண்டில் மலையடிவாரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய கல் வீடுகளில் ஒன்று. பஞ்சாலைக்காரர்களுக்காகக் கட்டியது. கீழே ஒரு முன்னறை, ஒரு சமையலறை. மேலே குறுகலான இரண்டு அறைகள். படி ஏற டெஸ்ஸால் முடியாது என்பதால், முன்னறையில் இருந்த சோஃபாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டோம். கட்டிலைக் கொண்டுவந்த ஆட்களிடம், தலைமாடு ரேடியேட்டரை, பாய்லரின் சுடுதண்ணீர் ஓடுகிற அந்த இரும்புப் பலகையை, ஒட்டி இருக்கட்டும், அவனுக்குக் குளிராது என்று நான்தான் இடம் காட்டினேன். படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, அதற்கொரு பம்ப். மூச்சுக்கு ஆக்ஸிஜன் மெஷின், அது பகலிரவு பாராமல் பெருச்சாளி மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். இத்தனையையும் தாங்குகிற கரண்ட் கம்பி எங்கள் வீட்டில் இல்லை. பாய்லர் முதல் தடவை நின்றபோது மின்சார ஹீட்டர் ஒன்றை வாங்கிச் செருகினேன். ஃபியூஸ் போய், ஆக்ஸிஜன் நின்று, மெத்தையும் காற்றிறங்கத் தொடங்கி, இரண்டு மெஷின்களும் ஒன்றாகக் கூவின. அதோடு ஹீட்டரைத் தூக்கிப் புழக்கடையில் போட்டுவிட்டேன். ஆக, அந்த வெள்ளைப் பெட்டி எரிந்தால் வீடு சூடு. எரியாவிட்டால் இல்லை.

பெர்னடெட்தான் எங்கள் பகுதி நர்ஸ். காலையில் வந்து டெஸ்ஸுக்கு ஊசி மருந்து மாற்றி, புண் இருக்கிறதா என்று பார்த்து, எனக்கு ஒரு வசவும் ஒரு ஆறுதலும் கொடுத்துவிட்டுப் போவாள். எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ஊரில் பஸ் டிரைவர் முதல் சவப்பெட்டி தூக்குகிறவன் வரை எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குளிர்காலம் வந்ததும் அவள் கட்டில் கம்பியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். அறைச் சூட்டைக் காட்டும் அட்டை. குளிர்ந்தால் நீலம், போதுமான சூட்டில் பச்சை. வந்ததும் டெஸ்ஸைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பாள்.

"நொரீன் கண்ணு, இது நீலத்துலயே இருக்கே. இந்த நெஞ்சை வச்சிக்கிட்டு இவரு இந்தக் குளிர்ல படுத்திருக்க முடியாது."

"சரி பண்ணிடுறேன்."

"பண்ணிடுவீங்க. இல்லேன்னா எங்க இல்லத்துல இடம் கேக்க வேண்டியதாயிடும்."

இல்லம் என்றால் மலைச்சரிவில் இருக்கிறதே, கடைசி நாட்களுக்கான இல்லம். நல்ல இடம்தான். பூச்செடிகள், பெரிய ஜன்னல்கள், மெதுவாகப் பேசுகிற ஆட்கள். அந்தப் பெயரை அவள் எடுத்தாலே நான் டீ போட எழுந்து போய்விடுவேன்.

எனவே பாய்லரோடு மல்லுக்கட்டினேன். எங்கள் தெருவில் பாய்லர் ஆண்கள் விஷயம். அது நின்றால் புருஷன்மார்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதன் முன் நிற்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், பக்கத்து வீட்டுப் புருஷனைக் கூப்பிட்டு அவனையும் நிற்க வைப்பார்கள். டெஸ்ஸும் அப்படித்தான். அக்டோபர் வந்தால் ஒரு சனிக்கிழமை சின்னப் பித்தளைச் சாவியும் கந்தல் துணியுமாகக் கிளம்பி, அறை அறையாகப் போய் ஒவ்வொரு ரேடியேட்டரின் மூலைத் திருகையும் திறந்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவான். புஸ்ஸென்று காற்று போய், கறுப்பாக இரண்டு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுவான். ஏதோ பெரிய ஆபரேஷன் செய்தவன் போல் வந்து டீ கேட்பான். அப்படிப்பட்டவன் இப்போது பாய்லரை என்ன செய்யலாம் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. நோய் அவனிடமிருந்து இதையும் எடுத்துக்கொண்டுவிட்டது என்று எண்ணி, ஒரு நாள் சமையலறையில் நின்று அழுதேன்.

முதலில் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டிக்கு பேட்டரி மாற்றினேன். பிறகு வெளிக் குழாய் உறைந்திருக்குமோ என்று பார்த்தேன். பாய்லரிலிருந்து சொட்டுகிற நீரை வெளியே கொண்டுபோகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது, கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும், உடனே பாய்லர் நின்றுவிடும். அந்த வாரம் பெண்டில் மலை முழுக்க வெளுத்துக் கிடந்தது. டெஸ் பஸ் ஓட்டிய காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி நின்று, தோட்டத்துப் பூவாளியால் அந்தக் குழாய்க்கு வெந்நீர் ஊற்றினேன். பனி கொட்டும் ஜனவரியில் பூவாளியோடு நின்ற பைத்தியம் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். சுடு தண்ணீர்ப் பையை அதன் மேல் கட்டி வைத்தேன். பழைய கம்பளிக் காலுறைகளைச் சுற்றினேன். பாய்லர் எரிந்தது. நான் உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டு டெஸ்ஸிடம் பீற்றிக்கொண்டேன். மறுநாள் முள் மறுபடியும் கீழே.

கார்ல் வந்தான். கெட்டிக்காரன், ஆனால் எதையும் முகத்தை நீட்டிக்கொண்டுதான் சொல்வான். உள்ளே அழுத்தத்தைத் தாங்குகிற தொட்டியில் காற்று இறங்கியிருக்கிறது என்று அதை மாற்றினான். ஒரு நாள் நன்றாக ஓடியது. அடுத்து வந்தபோது, எங்கோ கசிகிறது என்று நடைபாதையின் பலகைகளைப் பெயர்த்தான். மாடியில் கம்பளத்தை உரித்தான். ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியிலும் காகிதத் துணியை வைத்து ஒற்றினான். முன்னறைக்கு வந்தபோது டெஸ் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அங்கே மட்டும் மேலோட்டமாகக் குனிந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒரு இடத்துலயும் ஈரமே இல்ல, நொரீன். ஆனா தண்ணி போகுது."

"எங்க போகுது?"

"அதான் தெரியல. தண்ணி சும்மா மாயமா மறையாது." கசிவை அடைக்கும் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றினான். "இதுலயும் சரிப்படலேன்னா சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டு வாங்கிட்டு வரேன்."

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. டெஸ்ஸின் சிறுநீர். இரண்டு வாய் டீயும் ஒரு ஸ்பூன் கஸ்டர்டும் உள்ளே போகிற மனிதனுக்கு, படுக்கையிலேயே சிறுநீர் பிடிக்கிற புட்டி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அதுவும் பால் ஊற்றாத டீ நிறத்தில், அடியில் கறுப்பாய் வண்டலோடு. நான் பெர்னடெட்டிடம் காட்டினேன். அவள் அதில் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்த்தாள்.

"விசித்திரமா இருக்கே. ரத்தமும் காட்டல, ஒண்ணும் காட்டல." முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "லேபுக்கு அனுப்பிப் பாக்கறேன்."

டெஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சிறுநீரகமும் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். புட்டியை இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பெர்னடெட் அன்றைக்கு வாசலில் நின்று காலணி மாட்டிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு இல்லத்துல ஒரு ரூம் காலியாகுது, கண்ணு. நான் வரும்போது இந்த அட்டை பச்சையா இருந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீலமா இருந்தா போன் பண்ணித்தான் ஆகணும். உங்களைப் பழிவாங்கணும்னு இல்ல."

"தெரியும்."

"நீங்களும் மனுஷிதானே. கண்ணாடியில மூஞ்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு?"

மறுநாள் விடியும்போதே எழுந்து போய்ப் பார்த்தேன். முள் இறங்கியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். ஏற்றினேன். பக்கென்று பற்றியது. சமையலறையிலேயே நின்று அதன் சின்னக் கண்ணாடி வழியே நீலத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்கள் முனகின, ரேடியேட்டர்கள் சூடேறின. முன்னறையில் அட்டை நீலத்திலிருந்து மெல்லப் பச்சைக்கு ஏறியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். டெஸ்ஸின் நெற்றியில் முத்தமிட்டேன், அவன் உதட்டைத் துடைத்தேன், "இப்ப வரட்டும் அவ" என்றேன். கட்டிலுக்கு மாற்று விரிப்பு எடுக்க மாடிக்குப் போனேன்.

செருப்பு நனைந்திருந்ததால் வெறும் காலுறையோடு இறங்கி வந்தேன். அதனால் சத்தமில்லை. முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. டெஸ் பக்கவாட்டில் புரண்டு, ஒரு முழங்கையை ஊன்றி, ரேடியேட்டரின் மேல் மூலையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். சிறுநீர்ப் புட்டி மெத்தைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செருகியிருந்தது. விரலிடுக்கில் ரேடியேட்டர் திறக்கும் அந்தப் பித்தளைச் சாவி. அதைத் திருகின் மேல் பொருத்தினான், திருப்பினான், திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. சாவி வழுக்கித் தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. அவன் தலையணையில் விழுந்து, மூச்சுக்கு நடுவே, பஸ் டிப்போவில் பேசுகிற ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னான்.

விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கார்ல் பெயர்த்த பலகைகளும், உரித்த கம்பளமும், லேபுக்குப் போன புட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. காணாமல் போன பாய்லர் தண்ணீரை, சிறுநீர் என்று நினைத்து, நானே இத்தனை நாளும் கழிவறையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். அவன் பார்த்தான்.

"பாத்துட்டியா."

"எப்போலேர்ந்து டெஸ்?"

"அவ குளிரைப் பத்திச் சொன்ன அன்னிலேர்ந்து."

"பனி கொட்டும்போது வெளியில ஸ்டூல் போட்டு நின்னேனே, பைத்தியக்காரி மாதிரி! பூவாளியோட!"

"ஜன்னல் வழியா பாத்தேன். என் கோட்டு உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன், அடிக்க அவனிடம் இடமே இல்லை. விரிப்பை நாற்காலியில் விட்டெறிந்தேன்.

"லேபுக்கு அனுப்பியிருக்காளே," என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "உங்க புருஷனுக்குத் துரு பிடிச்சிருக்குன்னு ரிசல்ட் வரும்."

சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதேன். அவன் காத்திருந்தான். எங்கள் இருவருக்கும் பேசத் தெரியாது. வசவு தெரியும், கேலி தெரியும், டீ போடத் தெரியும். இத்தனை வருஷ வாழ்க்கையை அதை வைத்தே ஓட்டிவிட்டோம்.

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அவனுக்கும் அது தெரியும்.

"எங்கப்பா முன்ரூம்லதான் போனாரு," என்றான். "அதுக்கப்புறம் எங்கம்மா அந்தக் கதவைத் தொறக்கவே இல்ல. சமையல் ரூம்ல ஒரு ஸ்டூல் போட்டு, சாகுற வரைக்கும் அதுல உக்காந்துதான் டீ குடிச்சா. நமக்கு இருக்குறதே இந்த ஒரு ரூம், நொரீன். நீ எங்க உக்காருவ?"

"நான் உங்கம்மா இல்ல."

"இல்லதான்."

ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடினான், தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு மூடிய கண்ணோடே சொன்னான்.

"அது மட்டும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு மூச்சே வரல. நீ அந்த நாற்காலியில தூங்கிட்டிருந்த. வாயைப் பொளந்துக்கிட்டு, செத்த மாதிரி. உன்னை எழுப்ப மனசு வரல. அங்க மணி அடிச்சா ஒரு ஆள் வருமாம். ஊசி தெரிஞ்ச ஆளு. எனக்கு அது வேணும்."

அம்மாவும் ஸ்டூலும் எனக்காகச் சொன்னது, அதோடு சண்டை போடலாம். இது அவனுக்காக அவன் கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதன் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் போதாது என்கிறான். என் கை, என் கஸ்டர்ட், என் விழிப்பு, இது எல்லாம் சேர்ந்தும் அவன் பயத்துக்கு ஈடாகவில்லை. அதை என்னிடம் சொல்ல முடியாமல், ஒரு புட்டியும் சாவியும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைக் குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சொல்வதைவிடக் குளிரில் கிடப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

வெளியே பெர்னடெட்டின் கார் மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. மூலையில் நிறுத்திவிட்டு, கீழே இருக்கிற இரண்டு வீடுகளை முடித்துக்கொண்டுதான் இங்கே நடந்து வருவாள், ஒரு மணி நேரமாவது ஆகும். அட்டை பச்சையாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அவள் வருவாள், பார்ப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் இங்கேயே இருப்பான். சாவி இனி அவன் கைக்கு எட்டாது. அவனுக்கும் அது புரிந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். தூசியோடு சாவி கிடைத்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டியை முதலில் அணைத்தேன், கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டால் என்ன ஆவது. கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு சாவியைத் திருகில் பொருத்தித் திருப்பினேன். எனக்குச் சுலபமாகத் திரும்பியது. தண்ணீர் மெல்லிய நூலாக, பழுப்பாக, இளஞ்சூடாகப் புட்டிக்குள் இறங்கியது. புட்டி நிறைந்ததும் மூடினேன், சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து மறுபடியும் திறந்தேன். அவன் கை என் தலைமுடிக்குள் வந்து கிடந்தது. ஜன்னல் கதவையும் ஒரு கை அளவுக்குத் திறந்து வைத்தேன், அட்டை நிறம் மாற வேண்டுமே. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். முள் படுத்திருந்தது, சிவப்பு விளக்கு சிமிட்டியது.

பெர்னடெட் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது ஜன்னலை மூடிவிட்டிருந்தேன். அவள் நீலத்துக்குத் திரும்பியிருந்த அட்டையைப் பார்த்தாள், ரேடியேட்டரைத் தொட்டாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"மறுபடி நின்னுடுச்சு, கண்ணு," என்றேன். "என்னால முடியல. போன் பண்ணிடு."

அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே டெஸ்ஸைப் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு அவன் மேல் வந்த கோபத்தை எந்த வார்த்தையாலும் சொல்ல முடியாது.

ஆம்புலன்ஸ் மத்தியானம் வந்தது. தூக்குகிறவர்களில் ஒருவன் டெஸ்ஸோடு டிப்போவில் வேலை பார்த்தவனின் மகன். "டிக்கெட் எடுத்தீங்களா, டெஸ்?" என்று கேட்டான். டெஸ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்த நாள் கார்ல் அந்தக் கேமராவோடு வந்து நின்றான். அவனை வரவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் ஏற்றினான், பற்ற வைத்தான், வீடெல்லாம் கேமராவைக் காட்டிக்கொண்டு போனான். டீ குடித்துக்கொண்டே முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு சொட்டு எறங்கலயே. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"கசிவுக்கு நான் ஊத்தின மருந்து வேலை செஞ்சிருக்கும். எங்கயோ உள்ளுக்குள்ளயே அடைச்சிக்கிச்சு." அவன் முகம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மலர்ந்தது. "இனிமே கவலையே படாதீங்க. குளிர்காலம் முழுக்க நிக்காம ஓடும்."

நிற்காமல்தான் ஓடியது. நான் தினமும் பஸ் பிடித்து மலைச்சரிவு இல்லத்துக்குப் போனேன். டெஸ்ஸுக்குப் பெரிய ஜன்னல் உள்ள அறை. படுக்கையின் ஓரத்தில் மணிப் பொத்தான், அதை அவன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நன்றாகத் தூங்கினான். நான் போகும்போது சில சமயம் விழித்திருப்பான், "பாய்லர் ஓடுதா?" என்பான். "ஓடுது" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் பாலத்து மேட்டில் பனியில் சிக்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மண் தூவிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பொறுக்காமல் இறங்கி நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தலையைச் சீவி, போர்வையை நேராக்கி வைத்திருந்தார்கள். மூச்சு முட்டியதாம். மணியை அடித்தானாம். ஒரு நர்ஸ் உடனே வந்து ஊசி போட்டு, கடைசி வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவளே வந்து என்னிடம் சொன்னாள். சின்னக் கை அவளுக்கு. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

அவனுடைய கண்ணாடி, பல் செட், வீட்டுச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பஸ் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் தெரு முனையில் இறங்கி மேடேறினேன். பனி நின்று வானம் வெளிறியிருந்தது. வரிசை முழுக்க வீட்டுக் கூரைகளில் பனி கனமாக, வெள்ளையாகப் படிந்து கிடந்தது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதபடி. நடுவே, உள்ளே நிற்காமல் எரிகிற பாய்லரின் சூட்டில் பனி உருகிப்போய், எங்கள் கூரை மட்டும் கறுப்பாக, ஈரமாக, மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் விடாமல் சொட்டி வாசற்படியில் விழுந்துகொண்டிருந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று, அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.